ஒன்பது புடவையும் ஒரு தோல்பெட்டியும்

ஆனி மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் நான் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். தாய்வீட்டுக்குப் போகிற என் மனைவியை எட்டே நாளில் திரும்பி வர வைத்துவிடுவது. அப்போது அவள் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. யுத்தம் வர இன்னும் இரண்டு வருஷம். தர்மபுரியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பாய் விரித்து, முன்னால் ஒரு சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு பத்திரம் எழுதுவது என் தொழில். இண்டூரில் என் அப்பாவுக்கு மானாவாரிக் காடும் உண்டு, ஏரும் உண்டு. அந்த ஏரைப் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே நான் எட்டாவது வரை உயிரைக் கொடுத்துப் படித்தேன்.

ஆடி பிறந்தால் புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. ஆடி முதல் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே தேங்காய் சுட்டுச் சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மாப்பிள்ளை மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். மற்ற மாப்பிள்ளைகளுக்கு இது ஒரு மாதம். எனக்கு மூன்று மாதம். ஆடியில் எவனும் நிலம் வாங்க மாட்டான், விற்க மாட்டான். பத்திரம் எழுதுகிறவன் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உங்களிடம் மறைப்பானேன். என்னால் அவளைப் பிரிந்து இருக்க முடியாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரார் பத்திரங்களில் "மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று ஆயிரம் தடவை எழுதிய கை இது. சொந்த மனசில் இருப்பதை ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நாலு மாதம் ஓட்டிவிட்டேன்.

அதனால் சூழ்ச்சியில் இறங்கினேன். என் மனைவி தீர்த்தம்மாள் கம்பைநல்லூர்க்காரி. அவளிடம் மொத்தம் ஒன்பது புடவை. ஆடியில் அங்கே இரண்டு நாளைக்கு ஒரு கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். சித்தி மகளும் பெரியப்பா மகளும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டின புடவையையே மறுபடி கட்டிக்கொண்டு எந்தப் பெண் போவாள்? நாலு புடவையோடு அனுப்பிவிட்டால், எட்டாம் நாள் அவளே திரும்பி வருவாள். இல்லாவிட்டால் மிச்சப் புடவைகளைக் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கடுதாசி வரும். எது நடந்தாலும் எனக்கு லாபம்.

தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் ஒன்பது புடவையும் போட்டு, என்னையும் உள்ளே வைத்துப் பூட்டலாம். என்னிடம் ஒரு சின்னத் தோல்பெட்டி இருந்தது. டீத்தூள் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் எனக்கு விற்றுவிட்டுப் போனது. துணியை மடிக்காமல் சுருட்டி வைத்தால் பாதி இடம் மிச்சமாகும் என்று அவர்தான் செய்து காட்டினார். அன்று முதல் நான் அதில் ஒரு நிபுணன்.

அழைத்துப் போக அவளுடைய அண்ணன் ராஜாமணி வந்திருந்தார். மாடு மிதித்து வலது காலில் பெரிய கட்டு. நொண்டி நொண்டித்தான் படியேறினார். எனக்கு அந்தக் கட்டு கடவுளே அனுப்பியது மாதிரி இருந்தது.

"தகரப் பெட்டி வேணாம்," என்றேன். "சின்ன ரயில்ல அத வெக்க எடம் ஏது? மச்சானுக்குக் கால் இப்பிடி இருக்குது. அவரு தலையிலயா ஏத்துறது? தோல்பெட்டியே போதும். நானே அடுக்கித் தர்றேன்."

"சரிங்க," என்றாள்.

அந்த நாலு மாதத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரிங்க என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தோற்றவன் நான். ஆனால் ஜெயிக்கப் போகிற களிப்பில் இருப்பவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?

பாடம் ஆரம்பமானது. பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை சொல்வது போலப் பெட்டிக்கும் சொன்னேன். கிழக்கே சீப்பும் கண்ணாடியும். மேற்கே செம்பு. வடக்கே ரவிக்கைகள். தெற்கே தாழம்பூக் குங்கும டப்பா. இதற்கு உட்பட்ட நடு இடத்தில் புடவைகள். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செம்பு எடத்த அடைக்காதுங்களா?"

"அடைக்காது. செம்புக்குள்ள ரவிக்கையச் சுருட்டித் திணி. எதுவும் காலியாப் போகக் கூடாது. அதான் இதுல இருக்கிற ரகசியம்."

"ஓகோ. பொடவைய ஒரு பையில போட்டு இறுக்கிக் கட்டுனா இன்னும் அடங்குமுங்களா?"

"நல்லா அடங்கும்," என்றேன். மாணவி கெட்டிக்காரியாக இருந்தால் எந்த வாத்தியாருக்குத்தான் சந்தோஷமில்லை?

மறுநாள் பார்த்தால் என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஆறு பைகள் தைத்து வைத்திருந்தாள். நாலு புடவைக்கு மேல் போகாத பெட்டியில் ஒன்பதையும் அடைத்து மூடியும் விட்டாள். மேலே ஏறி உட்காரவில்லை, முட்டியால் அழுத்தவில்லை. மூடி சொன்ன பேச்சுக் கேட்டு மூடிக்கொண்டது. நான் கற்றுக் கொடுத்த வித்தையால் என் சூழ்ச்சியே பாழானதை நின்று பார்த்தேன்.

ஆனாலும் விடுவேனா? எந்தப் பையில் எது இருக்கிறது என்று ஒரு ஜாபிதா எழுதிக்கொள்வோம் என்றேன். அவள் ஒவ்வொரு பையாகத் தொட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"அடியில ரெண்டு பை. பைக்கு ரெண்டா நாலு பொடவை," என்றாள். "பிரிச்சுக் காட்டட்டுங்களா?"

"எதுக்கு? நீ சொன்னாப் போதும்."

எங்கள் தொழில் அப்படி. கட்சிக்காரன் கிணறு இருக்கிறது என்றால் கிணறு என்று எழுதுவோம், மாமரம் ஏழு என்றால் ஏழு. எவனும் எழுந்து போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதில்லை. நானும் தொழிலுக்கு வந்த ஏழு வருஷத்தில் ஒரு நிலத்தையும் பார்த்ததில்லை.

கிளம்புகிற அன்று காலை அவள் தண்ணீருக்குக் குடத்தோடு போனாள். ராஜாமணி வாசலில் காலை நீட்டிப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்து அடியிலிருந்த இரண்டு பைகளையும் உருவினேன். முடிச்சு கல்லாக இருந்தது. அவிழ்த்தால் அதே மாதிரி திரும்பக் கட்ட எனக்கு வராது. அவிழ்க்காமலே பரண்மேல் பத்திரக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தேன். பெட்டி குலுங்கக் கூடாதே என்று, எழுதிக் கெட்டுப்போன நகல் காகிதங்களைக் கசக்கி அந்த இடத்தில் அடைத்தேன். எதுவும் காலியாகப் போகக் கூடாதல்லவா?

தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்கு அப்போது சின்ன ரயில் ஓடியது. குறுகின தண்டவாளம், குறுகின பெட்டி. எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும்போது ஆண்கள் இறங்கிப் பக்கத்திலேயே நடந்து வந்து, வேலியோரம் கோவைப்பழம் பறித்துக்கொண்டு திரும்ப ஏறுவார்கள். நானும் இறங்கிப் பறித்து வந்து கொடுத்தேன். தீர்த்தம்மாள் மடியில் தோல்பெட்டியை வைத்துக்கொண்டு, கன்னத்தில் கரித்தூள் ஒட்டியது தெரியாமல், வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். யுத்தத்தின்போது அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று இந்த வயதிலும் எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து மாமனார் அனுப்பிய வண்டியில் கம்பைநல்லூர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஆடி ஒன்று. தீர்த்தம்மாள் தேங்காய் சுட உட்கார்ந்தாள். நாரைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணை மட்டும் தோண்டி, தண்ணீரில் பாதியை வடித்தாள். அந்தச் சின்ன ஓட்டை வழியே வெல்லம், பொட்டுக்கடலை, அவல், எள், பச்சைப்பயறு என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. நிரம்பிவிட்டது என்று நான் நினைத்தேன். அவள் தேங்காயைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டி, ஈர்க்குச்சியால் குத்தி, இன்னொரு பிடி அவலை உள்ளே அனுப்பினாள். பிறகு இன்னொரு பிடி. ஆறு வயசிலிருந்து வருஷா வருஷம் இதைச் செய்கிறவளுக்கா நான் அடுக்கக் கற்றுக் கொடுத்தேன் என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்துக்கொண்டு மூடினாள். ஐயோ, புடவையைக் காணோம் என்று ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு மறுநாள் ஊர் திரும்பினேன்.

வீடு ஓவென்று கிடந்தது. களி கிண்டினால் மேலே கூழாகவும் அடியில் கல்லாகவும் வந்தது. சட்டையைக் கழற்றி மாட்டினால் அது இரண்டு நாள் அங்கேயே தொங்கியது. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மூன்றாம் நாள் அவர் காரணம் கேட்டார். ஐந்தாம் நாளிலிருந்து என்னைக் கண்டதுமே தூரத்தில் நின்று கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். எட்டாம் நாளும் போயிற்று. அவளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. பாவம், நாலு புடவையை... இல்லை, ஐந்து புடவையைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு என்ன பாடு படுகிறாளோ என்று என் மனசு இளகியது. உண்மையில் பாடு பட்டது நான்தான். ஒன்பதாம் நாள் பரணிலிருந்து இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

ஆடியில் அழைப்பில்லாமல் வந்து நிற்கிற புது மாப்பிள்ளையைக் கண்டு என் மாமியார் திகைத்துப் போனார். வாங்க என்று சொல்வதா, ஏன் வந்தீங்க என்று கேட்பதா என்று அவருக்குப் புரியவில்லை. மாமனார் வாசலில் உட்கார்ந்து நுகத்தடிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"தீர்த்தா பொடவைய மறந்து வெச்சுட்டு வந்துட்டா, அத்தை," என்றேன். "மாத்திக் கட்ட இல்லாம தவிப்பாளேன்னு கொண்டாந்தேன்."

"ஒம்போது பொடவையும் இங்கதான மாப்ள இருக்குது? பெட்டியில கொஞ்சம் காயிதம் இருந்திச்சு. அத அடுப்புக்கு வெச்சுட்டேன்."

அப்படியானால் இதில் இருப்பது என்ன என்று பைகளை மாமனார் முன்னால் வைத்தேன். அந்த முடிச்சை மாமனார்தான் பல்லால் கடித்து அவிழ்த்தார். முதல் பையிலிருந்து செம்மண் ஏறின என் பழைய வேட்டிகள் இரண்டு வந்தன. படிக்கும் காலத்தில், விடுமுறைக்கு இண்டூர் வந்தால் ஏர் பிடிக்கக் கட்டிக்கொண்டு போவேனே, அதே வேட்டிகள். கல்யாணத்துக்குப் பிறகு அவற்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டாவது பையிலிருந்து தலைப்பாகைத் துண்டு, ஓட்டை பனியன், இன்னும் இரண்டு வேட்டி. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே சுருட்டி, இடம் வீணாகாமல்.

மாமனார் அந்த வேட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. முந்தாநாள்தான் அங்கே நல்ல மழை. விதைக்கடலை உரித்துத் தயாராகக் கிடந்தது. ராஜாமணியின் கால் இன்னும் ஊன்ற முடியாமல் இருந்தது. கூலிக்கு ஏர் பிடிக்கவும் ஆள் அகப்படவில்லை.

"பாத்தியா," என்றார் மாமியாரிடம். "எழுத்து வேலை செய்யிற புள்ள. மச்சானுக்குக் கால் ஆகாதுன்னு தெரிஞ்சு, நாம கூப்புடாமயே ஏர் புடிக்க துணிமணியோட வந்திருக்குது."

இதற்கு மேல் அதை நான் எப்படி மறுப்பேன்? நீங்களாக இருந்தால் மறுப்பீர்களா? தலையை மட்டும் ஆட்டினேன்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் தீர்த்தம்மாளைத் தொட்டியோரம் பிடித்தேன்.

"இதெல்லாம் இன்னா வேலை?"

"தகரப் பெட்டி வேணாம்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சு போச்சுங்க. எதையோ எடுத்து ஒளிப்பீங்க, அப்பறம் அதைத் தூக்கிகிட்டு வருவீங்கன்னு. அதான் அடியில நாலு பொடவைன்னு சொன்னேன்."

"ஏர் புடிக்க வாங்கன்னு நேராவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே நின்றாள்.

"அப்பாவுக்கு ஆள் இல்லீங்க. அதுக்காகத்தான்," என்றாள். அப்புறம் மெதுவாக, "அதுக்காக மட்டும் இல்லீங்க. ஆடியில ஒரே வூட்ல இருக்கக் கூடாதுன்னுதான் சொல்றாங்க. ஒரே காட்ல இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஏர் பின்னால வெதை போடறது நான்தான்."

 நான் நாலு மாதமாகச் சொல்லத் தெரியாமல் விழுங்கினதை, அவள் மாட்டுத் தொட்டியோரம் நின்று சொல்லி முடித்துவிட்டாள். அந்த நிமிஷம் கம்பைநல்லூர் முழுவதையும் ஒற்றை ஏரில் உழச் சொல்லியிருந்தாலும் உழுதிருப்பேன்.

ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். மாமனார் காடு முடிந்ததும் பெரியப்பா காடு, அது முடிந்ததும் சித்தப்பா காடு. ஊருக்குள் என் புகழ் அப்படிப் பரவியது. சாயங்காலமானால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள், எனக்கும் ராஜாமணிக்கும் களத்துக் கொட்டகை. பகலெல்லாம் அவள் எனக்குப் பின்னாலேயே நடந்தாள். சால் விழ விழ விதை விழும் சத்தம் கேட்கும், வளையல் சத்தம் கேட்கும், ஒரு சிரிப்பும் கேட்கும். ஆனால் ஏர் பிடிக்கிறவன் தலையைத் திருப்பினால் சால் கோணிவிடும். கோணினால் வரப்பில் உட்கார்ந்திருக்கும் மாமனார் சத்தம் போடுவார்.

ஆடி முடிகிற வரை என் மனைவி எனக்கு மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள். அவள் முகத்தை நான் ஆவணி முதல் தேதிதான் பார்த்தேன்.