பழைய ஜட்ஜ் புது ஜட்ஜ் ஆன விருத்தாந்தம்

நமது சமஸ்தானத்தில் ஜட்ஜுகளுக்கு அறிவு முற்றுகிற வயசு ஐம்பத்தைந்து என்று சர்க்கார் தீர்க்கமாக ஆலோசித்து நிர்ணயித்திருக்கிறார்கள். முற்றிய அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் விசாரணை பாக்கி இருந்தால் மட்டும் மறுபடி நியமிக்கலாம். ஆகவே ஜட்ஜ் நாகேஸ்வரய்யர் கோர்ட்டில் எப்போதும் பாக்கி இருந்தது.

அதில் தலையாய பாக்கி கிழக்கேகோட்டை அயனி மரம். மரம் சிவகாமியம்மாளுடையதா, பக்கத்து வீட்டுப் பகவதிப்பெருமாள் பிள்ளையுடையதா என்று வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஒருவரும் ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாதென்று தடை. உளுத்த கிளையொன்று அம்மாள் படுக்கிற அறைக்கு நேர் மேலே தொங்கிற்று.

"சாமி, ஒரு காத்தடிச்சா கிளை எனக்க தலையிலதான் விழும்" என்றாள் வக்கீல் பிச்சுமணி அய்யரிடம்.

"விழப்படாது. விழுந்தா அது கோர்ட் அவமதிப்பு. வேற ஆபத்துன்னா இருக்கு, கேட்டேளா? வர்ற மாசம் ஜட்ஜுக்கு வயசாயிடறது. புதுசா ஒருத்தர் வந்தா முதல்லேருந்து விசாரிப்பார்."

"இவருதான் சாட்சியெல்லாம் கேட்டாச்சுல்லா! தீர்ப்பச் சொல்லிட்டுப் போகப்பிடாதா?"

"நன்னாருக்கே! தீர்ப்பைச் சொல்லிட்டா பாக்கி ஏது? பாக்கி இல்லேன்னா மறு நியமனம் ஏது?"

அம்மாளுக்கு நியாயமாகப் பட்டது. வாதியும் பிரதிவாதியும் சேர்ந்தே மேலிடத்துக்குப் போய், "இவரே வேணும், ஏமானே" என்று நின்றார்கள்.

"எந்தொரு அதிசயம்!" மேலதிகாரி மூக்கில் விரல் வைத்தார். "ரெண்டு கட்சிக்கும் பிடிச்ச ஜட்ஜோ!" உடனே நியமனம் ஆயிற்று.

முதல் நாள் அம்மாள் கைகூப்பினாள். "ஏமானே, அயனி மரத்துத் தீர்ப்பு..."

"சாட்சிகளை விசாரிக்க வேண்டாமா?"

"ஏமான்தானே விசாரிச்சீங்க!"

நாகேஸ்வரய்யர், போன ஜட்ஜின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரித்தவர் உத்தியோக காலம் முடிந்து போய்விட்டார். நாம் புதிதாக நியமிக்கப்பட்டவர். அவர் காதில் விழுந்ததை வைத்து நாம் தீர்ப்புச் சொன்னால் நீதி என்னாவது? முதல் சாட்சி!"

"முதல் சாட்சி செத்துப் போயாச்சு, ஏமானே" என்றார் பிள்ளை.

"மகனைக் கூப்பிடு."

என்ன நேர்மை என்று வக்கீல்கள் உருகிப் போனார்கள். புது விசாரணைக்குப் புது ஃபீஸ் உண்டு.

வெளியே காற்று கிளம்பியிருந்தது. சிவகாமியம்மாள் வானத்தைப் பார்த்தாள். "சாமி, இவருக்கும் காலம் முடிஞ்சா?"

"வேறொருத்தர் வருவார். முதல்லேருந்து."

அவள் பகவதிப்பெருமாள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, வாரும். அடுத்த தடவைக்கும் இவரேதான்னு இப்பவே போயிச் சொல்லி வச்சிருவோம். இவருக்குத்தானே நம்ம மரத்தைத் தெரியும்!"