மாயாண்டித் தாத்தாவுக்கு நான் ஊதிய சங்கு

உயிரோடிருந்த ஒரு மனிதரை ஊரறியச் சாகடித்தவள் நான். (போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. செத்தவரே என் பக்கம் சாட்சி சொன்னார்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இன்ஜினியர் வேலை. ‘முதலில் மக்களிடம் கேள், பிறகு கருவி செய்’ என்று எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைத் தினமும் படித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஒரு செல்போன் ஆப் செய்தேன். அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழாயில் தண்ணீர் வந்தால் ஆப் சொல்லிவிடும். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தேன். நாலே பேர் போனில் ஏற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவர், டேங்க்கைத் திறந்துவிடும் அண்ணன். (தண்ணீர் வருவது அவருக்கு முன்பே தெரியும்.)

நாற்று நடப் போகும் பொன்னுத்தாயி அக்காதான் என்னை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

“டீச்சர்,” என்றார். (ஃபைல் வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான்.) “ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறாக. காலையிலயா மத்தியானமா, ஆருக்கும் தெரியாது. விட்டா ஒரு மணி நேரம். எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு. மாமனாரு கால் விழுந்து கெடக்காரு, அவரு வந்து கொடம் தூக்குவாரா? நாந்தேன் காத்துக் கெடக்கணும். இந்த மாசத்துல நாலு நடவு போச்சு. இன்னொரு நாள் வராட்டி வேற ஆளச் சேத்துக்கிருவேன்னு பேச்சியம்மா சொல்லிப்புடுச்சு.”

பேச்சியம்மா நடவுக் கூட்டத்தின் தலைவி. சொன்னால் செய்துவிடுவார்.

“ஆப்புல வருமேக்கா.”

“சேத்துல கைய வச்சுக்கிட்டு போனப் பாப்பனா? கோயில் மேல ரேடியோ கொழாய் இருக்குல்ல, அதுல சத்தம் வர வையித்தா. வயலு வரைக்கும் கேக்கும். ஓடியாந்து பிடிச்சு வச்சுட்டு ஓடிருவேன்.”

என் இரண்டு மாத வேலையை, ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரத்தில் திருத்திவிட்டார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கோயில் ஒலிபெருக்கி ஒலிக்கும்படி ஒரு கருவி செய்தேன். இந்த முறை எல்லாவற்றையும் கேட்டேன். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த வயல் வரை கேட்க வேண்டும். என்ன சத்தம் என்பதை மட்டும் நானே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் சங்கொலியை வைத்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பூஜையில் அப்பா சங்கு ஊதுவார். மங்கலமாகவும் இருக்கும், வெகுதூரமும் கேட்கும் என்று நினைத்தேன். (‘அவனுக்குச் சங்கு ஊதிட்டாங்க’ என்று கல்லூரியில் நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மூளை அன்று லீவு.)

முதல் நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. யார் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று குறிக்க, நோட்டும் பேனாவுமாகக் கோயில் வாசலில் நின்றேன். சங்கு முழங்கியது. நீளமாக, மூன்று முறை.

வந்தார்கள். டீக்கடை மொத்தமும் எழுந்து வந்தது. மாவு மில் நின்றது. ஒருவர் கையிலும் குடம் இல்லை. (அப்போதும் நான் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தேன்.) ஊரில் முடியாமல் கிடந்தவர் பொன்னுத்தாயி அக்காவின் மாமனார் மாயாண்டித் தாத்தா ஒருவர்தான். அதனால் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை, நேரே அந்த வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் பந்தலுக்கு மூங்கிலோடு வந்தார். ஒருவர் திருப்பூருக்குப் போன் போட்டுவிட்டார். (பஸ் இரைச்சலில் மகன் போனை எடுக்கவே இல்லை. திண்டுக்கல் தாண்டிய பிறகுதான் ‘சாகல, திரும்பிப் போங்க’ என்று சொல்ல முடிந்தது.) பைக்கில் பறந்த ஒருவர் அலங்காநல்லூரிலிருந்து மாலையோடு திரும்பினார். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். ஆப் இல்லை, பயிற்சி இல்லை. விஷயம் புரிந்த பிறகும், இந்த ஊரைப் பார்த்து மலைத்துப்போய் நின்றேன்.

வயலிலிருந்து பொன்னுத்தாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஏ மாமா, கஞ்சியக் குடிச்சீகளோ குடிக்கலயோ…” பின்னாலேயே பேச்சியம்மாவும் மொத்த நடவுக் கூட்டமும். சாவு விழுந்தால் அந்த ஊரில் யாரும் வயலில் நிற்க மாட்டார்கள்.

உள்ளே மாமா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குப்பா மாலை?” என்றார்.

எல்லாரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். நான் தண்ணீர் வந்த கதையைச் சொல்லி முடிக்கவும் குழாயில் தண்ணீர் நிற்கவும் சரியாக இருந்தது. ஊரில் ஒரு குடம்கூட நிறையவில்லை. அக்காவின் நடவைக் காப்பாற்ற வந்தவள், அவரோடு சேர்த்துப் பதினேழு பேருடைய நடவையும் கெடுத்துவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தாத்தா மாலைக்காரரைக் கிட்டே கூப்பிட்டார். “வாங்குனத எதுக்கு வீணாக்குற? இப்பவே போடு. அன்னைக்கிப் போட்டா நான் பாக்கவா போறேன்?”

போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார். “எனக்கு இம்புட்டுப் பேரா,” என்றார். மாலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். “அந்தப் புள்ளைய வையாதீக. அது வரலேன்னா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

முதலில் சிரித்தவர் பேச்சியம்மாதான். “மிசினு நல்ல மிசினு டீச்சர். ஊரையே கூட்டிப்புடுச்சே. என்ன சத்தம்னு மட்டும் எங்களக் கேளு.” பிறகு பொன்னுத்தாயியைப் பார்த்து, “நாளைக்கு நீ வந்துரு, இதுல ஒங்குத்தம் என்ன இருக்கு,” என்றார்.

மறுநாள் வயலுக்கே போய்க் கேட்டேன். “நட ஆரம்பிக்கயில குலவை போடுவோம்ல, அதையே பிடிச்சுக்க,” என்றார் பொன்னுத்தாயி அக்கா. முழங்கால் சேற்றில் நின்று பதினேழு பேரும் போட்ட குலவையைப் போனில் பதிவு செய்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து தண்ணீர் வந்தால் ஊரெங்கும் அந்தக் குலவைதான். அக்கா ஓடிப்போய்ப் பிடித்து வைத்துவிட்டு அரை மணியில் வரப்புக்குத் திரும்பிவிடுவார். அதன்பின் ஒரு நடவும் தவறவில்லை.

அடுத்த தை மாதம் தாத்தா நிஜமாகவே போய்ச்சேர்ந்தார். சங்கு ஊதினார்கள். ஒருவரும் வரவில்லை. ‘டீச்சர் மறுபடியும் எதையோ நோண்டுது’ என்று டீக்கடையில் யாரும் அசையவில்லையாம். நாலு பேர் குடத்தோடு குழாயடிக்குப் போய் நின்றார்களாம். அக்கா வீடு வீடாக ஆள் விட்டுச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

நான் இப்போதும் அந்த வீட்டுக்குப் போவதுண்டு. புதிதாக யாராவது இருந்தால் அக்கா என்னைக் காட்டித்தான் கதையை ஆரம்பிப்பார்.

“எங்க மாமா ரெண்டு தடவ செத்தாரு. டீச்சர் சாகடிச்சப்பதேன் நல்ல கூட்டம்.”