மோனார்க் சதுக்கம், எண் ஒன்று

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் கண்டுபிடிப்பான 'வேனிட்டி விலாச'த்துக்கு மட்டும் ஏனோ சரித்திரப் புத்தகங்களில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. வீட்டை ஓர் அங்குலம் நகர்த்தாமல் நல்ல தெருவுக்குக் குடிபோவதென்றால் சும்மாவா? லாரி பிடிக்க வேண்டாம், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற வேண்டாம். நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் போதும். காலையில் சந்தில் கண்விழித்தவர் மாலையில் சதுக்கத்தில் உட்கார்ந்து சூப் குடிக்கலாம். அதே நாற்காலி, அதே சூப்.

ஈரி ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஒகையோ நகரத்தில் இந்த மகத்துவத்தை உணர்ந்து செயல்பட்டவர் வார்னர் டிட்மார். தரைவிரிப்புக் கடை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டேனரி சந்து பதினேழாம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத் தலைவர். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தோல் பதனிட்டு வைத்திருந்த கிடங்கு. இப்போது சுவரெல்லாம் செங்கல் தெரிய, ஜன்னலெல்லாம் உயரமாக, உள்ளே போனால் கண் நிறைந்துபோகும். வெளியே வந்தால்தான் வம்பு. வாசலுக்கு நேர் எதிரே மீன் குளிர்கிடங்கு. காற்று ஏரிப்பக்கமிருந்து வீசும் நாளில், எதிரில் என்ன மீன் வந்திறங்கியிருக்கிறது என்று ஆறாவது மாடிக்காரரும் சொல்லிவிடுவார்.

வார்னர் இதையெல்லாம் பெரிதுபடுத்தியவரல்ல. போன நன்றியறிதல் நாள் விருந்தில்தான் அவருக்குக் காயம் பட்டது. வான்கோழி மேஜைக்கு வந்து, எல்லாரும் தட்டை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மச்சான் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னும் அந்த மீன் சந்துலதான் குடியிருக்கியா?"

மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று வார்னருக்குத் தோன்றியது. எல்லாரும் அனுதாபமாகக் குனிந்து உருளைக்கிழங்கைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே அவர் நகராட்சி அலுவலகத்தில் இருந்தார். சந்திலிருந்து இரண்டு தெரு தள்ளி மோனார்க் சதுக்கம் இருக்கிறது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் ஒரு ஹோட்டல், ஒரு வங்கி, ஒரு பழைய நாடக அரங்கு. அந்தச் சதுக்கத்தின் பெயரைத் தங்கள் கட்டடத்துக்குப் பெறும் நோக்கத்தோடு போனவர், நீட்டப்பட்ட விண்ணப்பத்தின் தலைப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். 'வேனிட்டி விலாசத்துக்கான மனு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேனிட்டி என்றால் வீண்பெருமை அல்லவா? மானமுள்ளவன் இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? 'கௌரவ விலாசம்' என்று மாற்றித் தரக் கூடாதா என்று கேட்டார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் மாற்ற அதிகாரமில்லை என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "அத ஒரு மாதிரியா எடுத்துக்காதீங்க. கார்ல சொந்தப் பேரு போட்டு நம்பர் பிளேட் வாங்குறாங்களே, அதுவும் வேனிட்டிதான். காசு குடுத்து தன் புத்தகத்தத் தானே அச்சடிச்சுக்கிறதும் வேனிட்டிதான். பாத்ரூம்ல பேசினுக்கு அடியில ஒரு அலமாரி இருக்குமே, அதுவும் அதேதான். எங்க வீட்ல ரெண்டு இருக்கு," என்றாள்.

வார்னர் வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தார். அந்தச் சொல் இலத்தீனிலிருந்து புறப்பட்டபோது அதற்குப் பொருள் 'வெறுமை' என்று போட்டிருந்தது. அந்த வரியை அவர் வேகமாகக் கடந்தார். 'பயனின்மை' வந்தது, அதையும் கடந்தார். 'தற்பெருமை'யில் ஒரு கணம் தயங்கினார். கடைசியில், 'கண்ணாடி பொருத்திய ஒப்பனை மேஜை' என்ற இடத்தில் அவருடைய ஆராய்ச்சி இனிதே முடிந்தது. முகம் திருத்திக்கொள்வதில் என்ன பாவம்? மனிதருக்கு ஒரு முகம் இருப்பதுபோல் கட்டடத்துக்கும் ஒரு முகம். அதுதான் விலாசம். சங்கத்தின் மாதச் செய்திமடலில் இதை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதி, வெறுமையைப் பற்றி மட்டும் இடப்பற்றாக்குறை காரணமாக எழுதாமல் விட்டார்.

கட்டுரையைப் படித்த ஒரே மனிதர் அவருக்குப் பக்கத்து வீட்டு லெஸ்டர் ஹோலப். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். லிஃப்ட்டில் வார்னரைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு வார்னர். எங்க பாத்ரூம்லயும் ஒரு வேனிட்டி இருக்கு. மேல கண்ணாடி, கீழ சாக்கடைக் குழாய். நீ கண்ணாடிய மட்டும் எழுதிட்ட."

கலையுணர்வு இல்லாதவர்களோடு வாதாடக் கூடாது என்று வார்னர் இரண்டாவது மாடியிலேயே இறங்கி மிச்சத்தை நடந்து ஏறினார்.

நகராட்சி விதி மிகவும் கறாரானது. கேட்டவர்க்கெல்லாம் சதுக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். கட்டடத்தின் 'ஏதேனும் ஒரு ஜன்னல்' சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். டேனரி சந்துக் கட்டடத்தில் அப்படி ஒரு ஜன்னலும் கிடையாது. சங்கச் செயலாளர் பிரெண்டா கில்லிஸ், வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்பவர், இதற்கு வழி கண்டுபிடித்தார். தரைத்தளத்துக் குப்பை அறையின் பின்சுவரை இடித்தால், வங்கிக்கும் நாடக அரங்குக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக நீரூற்றின் ஒரு பகுதி தெரிகிறது. சுவரை இடித்தார்கள். கண்ணாடி பதித்தார்கள். திறந்து மூடுகிற ஜன்னல் வேண்டுமா என்று கொத்தனார் கேட்டபோது, விதியில் 'பார்க்க வேண்டும்' என்றுதான் இருக்கிறதே தவிர 'திறக்க வேண்டும்' என்று இல்லை என்பதை வார்னர் சுட்டிக்காட்டினார்.

பரிசோதிக்க வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குப்பைத்தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்தார்.

"தண்ணி தெரியுது," என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

ஒப்புதல் வாக்கெடுப்பு சங்கக் கூட்டத்தில் நடந்தது. பிரெண்டா, மோனார்க் சதுக்கம் என்று போட்டாலே வீட்டு மதிப்பு எகிறும் என்று வண்ணப் படங்களோடு விளக்கினார். ஒரு கட்டடத்துக்கு ஒரு விலாசம்தான் என்பதால் பழைய எண் நகராட்சிக் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்பதையும், ஒரு நற்செய்திபோல, சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். லெஸ்டர் மட்டும் கையைத் தூக்கினார்.

"நான் முப்பது வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டினவன். ஒரு சந்தேகம். நம்ம வாசப்படி சந்துலதான இருக்கு? அப்ப நம்மளத் தேடி வர்றவன் எங்க வருவான்?"

"வர வேண்டியவங்க வருவாங்க லெஸ்டர்," என்றார் வார்னர்.

அறையே அந்தப் பதிலின் ஆழத்தில் மூழ்கியது. எதிர்ப்பு ஒன்று, ஆதரவு மிச்சம் எல்லாம்.

புதிய விலாசம் வந்த அன்று, வார்னர் தன் கையாலேயே திருப்புளி பிடித்து 'டேனரி சந்து 17' என்ற தகட்டைக் கழற்றினார். அந்த இடத்தில் பளபளவென்று 'மோனார்க் சதுக்கம் 1' ஏறியது. அதைப் படிக்க வேண்டுமானால் சந்துக்குள் வந்தாக வேண்டும் என்பது ஒரு சிறு குறைதான். மச்சானுக்கு அன்றே தபால் அட்டை போனது. அனுப்புநர் முகவரி, செய்தியைவிடப் பெரிதாக இருந்தது.

அதன்பின் கட்டடத்தின் கௌரவம் நாளுக்கு நாள் உயர்ந்தது. பீட்சா கொண்டுவந்தவர்கள் நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். யாரோ ஒருவருடைய புது மெத்தை ஹோட்டல் வரவேற்பறையில் இரண்டு நாள் தங்கியது. குழாய் ரிப்பேர்க்காரர் வங்கியில் புகுந்து, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று காசாளரிடம் விசாரித்தார். புகார் சொன்னவர்களிடம் வார்னர், எளிதில் கண்டுபிடிக்க முடிவது மலிவான இடங்களின் லட்சணம் என்றும், 'அணுக முடியாமை' என்பது உயர்குடி வாழ்வின் ஓர் அம்சம் என்றும் எடுத்துரைத்தார். உண்மையிலேயே பெரிய மனிதர்களின் வீடுகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அவர்களாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. லெஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார், மார்பைப் பிடித்துக்கொண்டார், மறுபடி உட்காரும்போது தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி நார்மா அவசர எண்ணை அழைத்தாள். டேனரி சந்து, பதினேழு என்றாள். மறுமுனையில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விலாசம் இல்லையே அம்மா என்றார். இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறோம் என்றாள். இல்லை என்றார். அதன் பிறகுதான் அவள் அந்த மற்ற விலாசத்தைச் சொன்னாள். உடனே கிடைத்தது. வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

வண்டி கிளம்பியது உண்மை. சைரன் சத்தம் நன்றாகக் கேட்டது. நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது. நார்மா வார்னர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"லெஸ்டருக்கு மூச்சு வரல. அவங்க சதுக்கத்துலயே சுத்துறாங்க. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க வார்னர்."

வார்னர் படிகளில் இறங்கி ஓடினார். வாசலுக்குப் போகாமல் குப்பை அறைக்குள் நுழைந்தார். சதுக்கம் தெரியும் ஒரே இடம் அதுதான் என்று கால்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொட்டியின் மேல் ஏறினார். வங்கிக்கும் அரங்குக்கும் நடுவே, அந்த இடுக்கில், சிவப்பு விளக்கு சுழல ஆம்புலன்ஸ் கடந்துபோனது. சற்றுப் பொறுத்து மறுபடி கடந்துபோனது. அதில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கட்டடங்களில் எண்களைப் படித்துக்கொண்டிருந்ததுகூடத் தெளிவாகத் தெரிந்தது. விண்ணப்பத்தில் வார்னர் உறுதியளித்திருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் கண்ணாடியைக் கையால் அடித்தார். பிறகு முழங்கையால் அடித்தார். நல்ல தரமான கண்ணாடி.

இறங்கி வெளியே ஓடினார். சந்து, ஒரு திருப்பம், இன்னொரு தெரு. வீட்டுச் செருப்பில் ஒன்று மீன் கிடங்கு வாசலிலேயே நின்றுவிட்டது. நீரூற்றுக்குப் போய் வண்டியின் முன்னால் கையை விரித்து நின்றபோது அவரால் பேச முடியவில்லை. முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் கையாலேயே வழி காட்டினார். சந்துக்குள் திரும்பும்போது ஓட்டுநர் அவர் பக்கம் பார்த்தார்.

"இது டேனரி சந்து. நான் பொறந்து வளர்ந்த பேட்டையே இதான். அதச் சொல்லியிருந்தா கண்ண மூடிட்டு வந்திருப்பேனே."

வார்னர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போனபோது லெஸ்டர் தரையிலேயே இருந்தார். நார்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் செய்வதை நிறுத்தினார்கள். தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை.

அன்றும் மறுநாளும் வார்னருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய தகடு எங்கே என்று அலமாரிகளில் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் துயரத்தில் துவண்டுவிடாமல் அதைத் தீர்மானமாக மாற்றத் தெரிந்தவனே தலைவன். மூன்றாம் நாள் அவசரக் கூட்டம் கூடியது. விலாசத்தை மீட்டுக்கொள்வதா என்ற பேச்சை யாரோ தயங்கித் தயங்கி எடுத்தார்கள். இரண்டு வீடுகள் புதிய விலாசத்தில் விலைபேசி முடியும் தறுவாயில் இருப்பதைப் பிரெண்டா மெல்லிய குரலில் நினைவூட்டினார். பேச்சு அங்கேயே அமர்ந்தது. அதற்குப் பதிலாக, மறைந்த உறுப்பினரின் நினைவாக நுழைவுக்கூடத்தில் ஒரு வெண்கலப் பலகை பதிப்பதென்று முடிவானது. அதில் என்ன எழுதுவதென்று அவர் மனைவியைக் கேட்பதுதான் மரியாதை. வார்னரே போனார்.

நார்மா கதவைப் பாதி திறந்தபடி நின்று கேட்டுக்கொண்டாள். அழவில்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, கதவில் வைத்தே இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது," என்றாள்.

வார்னர் அதை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார்:

'லெஸ்டர் ஹோலப். டேனரி சந்து பதினேழில் இருபது வருஷம் வாழ்ந்தார். மோனார்க் சதுக்கம் ஒன்றில் செத்தார்.'

முதல் வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். பிரெண்டா எழுந்து, குடும்பத்தாரின் விருப்பம் புனிதமானது, வாசகத்தில் கை வைக்கக் கூடாது, அப்படியே பதிக்கலாம் என்றார். வார்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமோதித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திருத்தம் ஒன்றே ஒன்று: வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலிலிருந்தே படிக்கும்படி, இரண்டாவது விலாசத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட வேண்டும்.