முதல் பக்கத்தில் பிணம்

இலக்கிய நாவலாசிரியர் குற்றக்கதை எழுத இறங்கிவிட்டால் அது தனி இனம். கண்டுகொள்வது எளிது. மூன்று நாள் தாடி, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி, டாக்டர் தடுத்துவிட்டதால் பற்றவைக்காமலே உதட்டில் தொங்கும் சிகரெட். ஒரே வாக்கியத்தை ஒன்றரைப் பக்கம் ஓட்டியவர் இப்போது, 'இரவு. மழை. துப்பாக்கி.' என்று எழுதுவார். அட, திருந்திவிட்டாரே என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். அடுத்த நான்கு பக்கமும் துப்பாக்கியின் தனிமை.

திருவள்ளூர் அன்புசெல்வனையே பாருங்கள். மூன்று நாவல், இரண்டு விருது. பதிப்பாளர் நர்மதா கெடு வைத்துவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் முதல் பக்கத்தில் பிணமும் கடைசிப் பக்கத்தில் கொலைகாரனும் வராவிட்டால் புத்தகமே கிடையாது. மனிதர் என்ன செய்வார்? கையெழுத்துப் பிரதியைச் சுருட்டிக்கொண்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டும் எட்வர்டிடம் போனார். முப்பது வருடமாகக் குற்றக்கதை தவிர வேறெதையும் தொடாத வாசகர் எட்வர்ட்.

எட்வர்ட் ஆலை வாசல் டீக்கடையில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார்.

“இன்னா சார், நாப்பது பக்கம் பட்ச்சிட்டேன். ஒருத்தனும் சாவல.”

“சாவு அங்க ஒரு படிமமா இருக்கு எட்வர்ட்.”

“படிமத்த போஸ்ட்மார்ட்டம் பண்ண முடியாதே சார்.”

அன்புசெல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது பக்கத்தையும் உருவி எடுத்தார். பிணம் முதல் பக்கத்துக்கு வந்து விழுந்தது. எட்வர்டுக்குத் திருப்தி. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“கொன்னது யாருன்னு காணோமே?”

“அத வாசகர் முடிவுக்கு விட்டிருக்கேன்.”

“நான் ஷிப்ட் முடிச்சிக்கினு வந்து அதையும் நானே பண்ணணுமா? பேஜாரு சார்.”

“அப்போ நீங்களே போடுங்க” என்று பேனாவை நீட்டினார் அன்புசெல்வன். எட்வர்ட் யோசிக்கவே இல்லை. 'சூபர்வைசர்தான் கொன்னான்' என்று எழுதிவிட்டு டீயைக் குடித்தார்.

புத்தகம் வந்தது. விமர்சனக் கூட்டத்தில் ஏழு பேர் பேசினார்கள்; ஏழு பேரும் கடைசி வரியின் பூடகத்தைப் பற்றியே பேசினார்கள். சூபர்வைசர் என்பது காலமா, மூலதனமா, கடவுளா? பின்வரிசையில் எட்வர்ட், “சூபர்வைசர்னா சூபர்வைசர்தாங்க” என்றார். யார் காதிலும் விழவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த வரியைப் படித்ததும், காலமாகத்தான் இருக்குமோ என்று ஒரு கணம் நீங்களும் யோசித்தீர்கள், இல்லையா? வெட்கப்படாதீர்கள். பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் உங்கள் கையெழுத்துப் பிரதியை எடுங்கள். எத்தனையாவது பக்கம் வரைக்கும் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்?