ப்ளீச்சிங் பவுடர் சாயா

வேகமாக வாசிக்கப் பழகியவர்களிடம் எந்த நோட்டீஸையும் கொடுத்துவிடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆங்கில வாசிப்புப் பகுதிதான் உதைத்தது. நான் ரசித்துப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கோச்சிங் சார் மலையாளத்தில் ஒரு மந்திரம் சொன்னார்: “மோளே, முழுவன் வாயிக்கண்டா. ஆத்யத்தெ வரி, அவசானத்தெ வரி, அது மதி.” முதல் வரியும் கடைசி வரியும் போதுமாம்.

அன்றிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் ஓட, நாங்கள் குடியிருந்த மட்டாஞ்சேரி முழுக்க வாசித்துத் திரிந்தேன். பஸ் போர்டு, ஷாம்பூ பாட்டில், சுவரில் ஒட்டிய மரண அறிவிப்பு (இறந்தவர் பெயர் நடுவில் இருந்ததால், யாரென்று இன்றுவரை தெரியாது).

அந்த நேரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க இடக்கொச்சியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சாயாக்கடை. “நம்ம வீட்டுச் சாயாவக் குடிச்சா அப்பவே சம்மதம் சொல்லிருவாங்க” என்று தரகரிடம் அளந்து வைத்திருந்தார்.

அவர்கள் வரும் நாள் காலை வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டின் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

“என்னடி போட்டிருக்கு? பார்த்துச் சொல்லு!”

முதல் வரி: தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. கடைசி வரி: ஒத்துழைப்புக்கு நன்றி.

“தொட்டியக் கழுவிட்டாங்களாம்மா. தேங்க்ஸ் சொல்லிருக்காங்க.”

அம்மா குடத்திலிருந்த நல்ல தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். பலமான ஜலதோஷம் வேறு. அவள் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை.

அந்தத் தண்ணீரில் போட்ட சாயாவை ஒரு மடக்குக் குடித்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது.

“இதென்ன, சாயாவுல மருந்து போட்டிருக்கா? பொண்ணுக்கு இஷ்டமில்லேன்னா வாயால சொல்லலாமே.”

அப்பா பதறிப்போய்த் தன் டம்ளரை உறிஞ்சினார். ஆஸ்பத்திரித் தரையை நக்கியவர்போல அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாய் கொப்பளிக்கக் கீழே இறங்கிய மாப்பிள்ளை, அங்கிருந்தே உரக்கச் சொன்னார்: “ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்காம். நாளைக்கு வரைக்கும் இந்தத் தண்ணிய குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. யாருமே வாசிக்கலையா?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“அது நடுவுல இருந்துச்சு” என்றேன். “நடுவுல உள்ளத வாசிக்க வேண்டாம்னு சார் சொன்னாரு.”

முதலில் சிரித்தது அக்காதான். பெண் பார்க்கும் நாளில் எந்தப் பெண்ணும் சிரிக்கக் கூடாத சத்தத்தில் சிரித்தாள். அதைக் கேட்டு மாப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பா கடைக்கு ஓடிப்போய்ச் சாயா வாங்கி வந்தார். (சொந்தக் கடையில் அவர் வாங்கிய சாயா அது ஒன்றுதான்.) கல்யாணம் நிச்சயமானது.

நான்? பயத்தில் தேர்வுத்தாளை ஒரு கமா விடாமல் வாசித்தேன். கடைசிப் பத்தியைத் தொடவே நேரமில்லை. ஆசைப்பட்ட கல்லூரி போயிற்று. களமசேரியில் கிடைத்த இடத்தில் சேர்ந்தேன்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். டம்ளரைக் கையில் எடுத்த மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, அத்தான் சொன்னார்: “தைரியமா குடிங்க. இன்னைக்கு நோட்டீஸ் வாசிச்சது நான்.”