பொம்மை வாங்கப் போய் ஆபீசரான கதை

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க நிலாவுக்கு ஒரு பொம்மை வாங்கணும்.

நிலாவுக்கு ஒன்றரை வயசு. எதைப் பார்த்தாலும் முதல்ல வாயில வச்சுப் பார்ப்பா. அப்புறம்தான் அது என்ன பொருள்னு முடிவு பண்ணுவா. செருப்பு, டிவி ரிமோட், என் மூக்கு, எதையும் விட்டதில்ல.

ஏற்கனவே ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தேன். ஹவுரா ஸ்டேஷன் வாசல்ல வாங்கின பஞ்சுக் கரடி. நல்லா சிரிச்ச முகம். ரெண்டாவது நாள் பார்த்தா அதுக்கு ஒரு கண்ணைக் காணோம்.

என் மனைவி சுகந்தி ஓடி வந்து நிலா வாயைத் திறந்து விரலை விட்டுத் தோண்டினா. கண்ணு உள்ளதான் இருந்தது. கறுப்பா, வழவழன்னு, பட்டாணி சைஸ்ல.

குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சுகந்தி அரை மணி நேரம் அவளை மடியை விட்டு இறக்கல. எனக்கும் பயம்தான். ஆனா ஆம்பிளை இல்லையா, காட்டிக்கக் கூடாதுன்னு ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னேன்.

"விடு சுகந்தி. இன்னொரு கண்ணு கெட்டியாத்தானே இருக்கு."

அதுக்கப்புறம் ரெண்டு நாள் வீட்ல நிலாவைத் தவிர யாரும் என்கிட்ட பேசல. நிலாவுக்கும் தெரிஞ்ச வார்த்தை மூணுதான்.

மூணாவது நாள் சுகந்தி வாயைத் திறந்தா.

"பொம்மை எப்படிப் பார்த்து வாங்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"கடைக்குப் போய்..."

"தெரியாது. சரி, கேளுங்க."

டிஷ்யூ ரோல் தீர்ந்துபோனா நடுவுல ஒரு அட்டைக் குழாய் மிஞ்சுமே, அதை எடுத்து என் கையில கொடுத்தா. "இந்தக் குழாய்க்குள்ள நுழையுறது எதுவா இருந்தாலும் அவ தொண்டையில போய் அடைக்கும். நுழைஞ்சா வாங்காதீங்க. கண்ணு, மூக்கு, சக்கரம் எல்லாத்தையும் பிடிச்சு இழுத்துப் பாருங்க. ஈரத் துணியால தேய்ச்சா சாயம் வரக் கூடாது. பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கணும். நீளமா கயிறு இருக்கக் கூடாது. சத்தம் போடுற பொம்மைன்னா உங்க காதுல வச்சுப் பாருங்க. உங்களுக்கே வலிச்சா அவளுக்கு?"

நான் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டேன். அது தொழில் பழக்கம். மத்திய அரசு ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். பெரிய உத்தியோகம்னு நினைச்சுடாதீங்க. பழைய ஃபைலுக்கெல்லாம் புது நம்பர் போடுற செக்ஷன். மதுரையில இருந்து கொல்கத்தாவுக்கு மாத்தல் ஆகி ஒரு வருஷம் ஆகுது. பெங்காலி, ஆட்டோக்காரருக்கு இடது வலது சொல்ற அளவுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல இருந்து சீக்கிரமே கிளம்பி, டாலிகஞ்ச் மெட்ரோவுல இறங்கி, மார்க்கெட்டுக்குள்ள போனேன். ஒரே வரிசையில ஆறு பொம்மைக் கடை. அடடா, அரை மணி நேரத்து வேலைன்னு நினைச்சேன்.

முதல் கடைக்காரர் ஒல்லியா இருந்தார். கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டிருந்தார்.

"என்ன வேணும் தாதா?"

தாதான்னா இங்க அண்ணன். வந்த புதுசுல பயந்துட்டேன், இப்போ பழகிடுச்சு.

நான் பதில் சொல்லல. வாயைத் திறந்தா வெளியூர்க்காரன்னு தெரிஞ்சுடும், விலையை ஏத்திடுவார்னு ஒரு சாமர்த்தியம். "பாக்குறேன்"னு மட்டும் பெங்காலியில சொல்லிட்டு, பையில இருந்து குழாயை எடுத்தேன்.

முதல்ல ஒரு வாத்து. மூக்கைப் பிடிச்சு இழுத்தேன். கையோட வந்துடுச்சு. குழாய்க்குள்ள போட்டேன். அந்தப் பக்கம் விழுந்தது. நோட்டுல பெருக்கல் குறி.

அடுத்து ஒரு சிவப்பு லாரி. கைக்குட்டையை நனைச்சுத் தேய்ச்சேன். கைக்குட்டை சிவப்பாயிடுச்சு. லாரி வெளுத்துடுச்சு. பெருக்கல் குறி.

அடுத்து, பட்டனை அமுக்கினா பாடுற மாடு. காதுல வச்சு அமுக்கினேன். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் மார்க்கெட்ல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. காது திரும்பி வந்ததும் பெரிய பெருக்கல் குறி.

நிமிர்ந்து பார்த்தா கடைக்காரர் கண்ணாடி நெத்தியில இருந்து மூக்குக்கு இறங்கியிருந்தது. அவர் பார்வை என் கழுத்துல. குனிஞ்சு பார்த்தேன். ஆபீஸ் அடையாள அட்டை! கழட்ட மறந்துட்டேன். மூணு சிங்கமும் ஜம்முன்னு அவரையே பார்த்துக்கிட்டிருந்தது.

"சார், ஏன் சார் எல்லாத்தையும் இழுக்கறீங்க?"

சார்! ஒரு வருஷமா இந்த ஊர்ல யாரும் என்னை சார்னு கூப்பிட்டதில்ல. எங்க ஆபீஸ் ப்யூனும் சேர்த்துதான். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. இவருக்கு நல்லபடியா விளக்கம் சொல்லிடுவோம்னு தோணுச்சு.

'என் பொண்ணு எல்லாத்தையும் தின்னுடுவா'. இதைத்தான் சொல்லணும். ஆனா பொண்ணுக்கு பெங்காலியில என்ன வார்த்தை? தொண்டை வரைக்கும் வருது, வெளிய வரல. சரி, இருக்குற வார்த்தையை வச்சு ஒப்பேத்துவோம்னு சொன்னேன்.

"ஆமி ஷோப் கிச்சு காய்."

சொல்லி முடிச்சதும் எனக்கே ஒரு திருப்தி. ஒரு முழு வாக்கியம்!

கடைக்காரர் என்னை ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவா தலையை ஆட்டினார். "புரிஞ்சுது சார்."

ரெண்டே நிமிஷத்துல மண் குவளையில டீ வந்தது. கூடவே இலைத் தொன்னையில ரெண்டு சந்தேஷ். பால் கோவா மாதிரி இருக்குமே, அந்த ஸ்வீட். ஆகா, இந்த ஊர்க்காரங்க எவ்ளோ நல்லவங்கன்னு நெகிழ்ந்துபோய் ரெண்டையும் சாப்பிட்டேன்.

ரெண்டாவது கடையில நான் போறதுக்கு முன்னாடியே நாற்காலி போட்டிருந்தது. ஃபேனை என் பக்கமா திருப்பி விட்டாங்க. மறுபடி டீ. மறுபடி ரெண்டு சந்தேஷ். நான் ஒரு பொம்மையை எடுத்தா கடைக்காரர் பத்து பொம்மையைக் கல்லாவுக்குக் கீழ தள்ளினார். கிலுகிலுப்பையோட குமிழ் குழாய்க்குள்ள சறுக்கிப் போனதும் "போயிடுச்சே"ன்னு நான் தலையை ஆட்டினேன். அவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். பாவம், வேர்க்குது, ஃபேனை அவர் பக்கமே வச்சிருக்கலாம்னு நினைச்சேன்.

மூணாவது கடையை நீல தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க.

நாலாவது, அஞ்சாவது கடையில ஷட்டர் இறங்கிக்கிட்டிருந்தது.

கடைசிக் கடையில ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. முப்பது வயசு இருக்கும். கடை முழுக்க பிளாஸ்டிக் பக்கெட்.

"பொம்மை இருக்கா?"

"இது பக்கெட் கடை சார்."

மேல பார்த்தேன். போர்டுல ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாண்டா கரடி பலூனைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது.

அப்பக்கூட எனக்கு உறைக்கல, மக்களே. கொல்கத்தாவுல பக்கெட் கடைக்கு இப்படித்தான் போர்டு வைப்பாங்க போலன்னு நினைச்சேன்.

அப்போ பின்னாடி இருந்து ஒரு குரல். "சார், ஒரு ரெண்டு நிமிஷம் உள்ள வந்து உக்காரணும்."

வெள்ளை குர்தா போட்ட பெரியவர். மார்க்கெட் கமிட்டி செக்ரட்டரியாம். பிஸ்வாஸ் பாபுன்னு சொன்னாங்க. கமிட்டி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். உள்ள, பின்னாடியே வந்த பக்கெட் கடை அம்மாவோட சேர்த்து ஆறு கடைக்காரங்களும் கையைக் கட்டி நிக்கறாங்க. நடுவுல எனக்கு நாற்காலி. முன்னாடி ஒரு தட்டு நிறைய சந்தேஷ்.

எனக்கு ஹிந்தி கொஞ்சம் பரவாயில்லைன்னு தெரிஞ்சதும் பிஸ்வாஸ் பாபு ஹிந்தியிலயே பேசினார். "சார், எங்க பக்கத்தையும் நீங்க கேக்கணும். துர்கா பூஜை வருது. இந்த நேரத்துல கடைக்கு சீல் வச்சா இவங்கல்லாம் எங்க போவாங்க?"

"சீலா? எதுக்கு?"

கேட்டு முடிக்கும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. நாற்காலி, ஃபேன், டீ, பக்கெட்!

"ஐயோ! நான் இன்ஸ்பெக்டர் இல்லீங்க! என் குழந்தைக்குப் பொம்மை வாங்க வந்தேன்!"

பிஸ்வாஸ் பாபு அன்பா சிரிச்சார். "முன்னாடி வந்தவரும் இதையேதான் சொன்னார் சார்."

அட்டையைக் கழட்டிக் காட்டினேன். "பாருங்க, நான் ஃபைலுக்கு நம்பர் போடுறவன்."

"நம்பர் போடுறவரா?" கூட்டம் ஒரு அடி பின்னால போச்சு.

நோட்டைக் காட்டினேன். ஒல்லிக் கடைக்காரர் வாங்கிப் புரட்டினார். பூராவும் தமிழ் எழுத்து, நடுநடுவுல பெருக்கல் குறி. "ரகசிய பாஷையில எழுதியிருக்கார்!"

ஃபோன்ல நிலா படத்தைக் காட்டினேன். "அழகான குழந்தை சார். ஆபீசருக்குக் குழந்தை இருக்கக் கூடாதா என்ன?"

அப்போதான் ஒல்லிக் கடைக்காரர் பெரிய குண்டா போட்டார். "நீங்களே என்கிட்ட வாயால சொன்னீங்களே சார். 'நான் எல்லாம் சாப்பிடுவேன்'னு!"

எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டினாங்க.

லஞ்சம் வாங்குறதை இங்க 'சாப்பிடுறது'ன்னுதான் சொல்வாங்களாம். அதை அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவும் நாலு சந்தேஷ் சாப்பிட்ட பிறகு.

பதறிப்போய் எழுந்து நின்னு ஹிந்தியில கத்தினேன். "நான் சாப்பிடல! என் பொண்ணுதான் சாப்பிடுவா!"

"கடவுளே!" யாரோ நெஞ்சுல கை வச்சாங்க. "பொண்ணு மூலமா வாங்குறாரு!"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாளைக்கு இவங்க யாராவது என் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, உங்க ஆள் மார்க்கெட்ல இனிப்பு வசூல் பண்றார்னு சொன்னா? இருக்குற வேலையும் போயிடுமே. ஒரு பொம்மை, ஒரே ஒரு பொம்மை வாங்கத் தெரியலையேன்னு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

சரியா அப்போ ஃபோன் அடிச்சுது. சுகந்தி!

சாட்சி கிடைச்சாச்சுன்னு ஸ்பீக்கர்ல போட்டேன். "சுகந்தி, இங்க ஏழு பேர் இருக்காங்க. நான் யாருன்னு இவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க.

"நீங்க யாருன்னு நான் வேற சொல்லணுமா? பொம்மை வாங்கப் போன மனுஷன் ரெண்டு மணி நேரமா அங்க என்ன பண்றீங்க? இங்க இவ சார்ஜர் வயரைக் கடிச்சுக்கிட்டு இருக்கா, நான் ஒரு கையில லேப்டாப்பும் ஒரு கையில இவளுமா மீட்டிங்ல உக்காந்திருக்கேன்! ஏழு பேரைக் கூட்டி வச்சு அரட்டையா? உங்களை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

டொக்.

அந்த ரூம்ல யாருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

பிஸ்வாஸ் பாபு மெதுவா எழுந்தார். எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தார்.

"கிளம்புங்கப்பா. இவர் ஆபீசர் இல்ல. கல்யாணம் ஆனவர்."

அவ்வளவுதான்! ஒருத்தர் ஒரு கேள்வி கேக்கல. நான் தொண்டை கிழியக் கத்தினப்போ நம்பாதவங்க, அவ அரை நிமிஷம் திட்டினதும் அப்படியே நம்பிட்டாங்க. ஒல்லிக் கடைக்காரர் என் தோள்ல கை வச்சு ரெண்டு தட்டு தட்டினார். பிஸ்வாஸ் பாபு மட்டும் மறக்காம சந்தேஷ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார்.

வெளிய வந்தா, அந்தப் பக்கெட் கடை அம்மா கூப்பிட்டாங்க. "தாதா, குழந்தைக்கு என்ன வயசு?" தாதாவுக்குத் திரும்பி வந்துட்டேன். பதவி போச்சு.

"ஒன்றரை."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

பக்கெட்டையெல்லாம் நகர்த்திட்டு உள்ள இருந்து ஒண்ணு எடுத்தாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்குற கிண்ணம், எட்டு. கண்ணு இல்ல, மூக்கு இல்ல, பேட்டரி இல்ல, சத்தம் இல்ல. அவங்களே என் குழாயை வாங்கி வச்சுப் பார்த்தாங்க. இருக்குறதுலயே சின்னக் கிண்ணம்கூட உள்ள போகல. ஈரத் துணியால தேய்ச்சாங்க. சாயம் வரல.

"எதுக்கு இந்தக் குழாய்?"

கரடிக் கண்ணு கதையைச் சொன்னேன். இந்தத் தடவை வார்த்தை தட்டுப்பட்ட இடத்துல கையாலயே நடிச்சுக் காட்டினேன்.

அவங்க முகம் மாறிடுச்சு. "எங்க வீட்ல பத்து மாசத்துல ஒரு பையன் இருக்கான்"னாங்க. திரும்பி, ஒளிச்சு வச்சிருந்த வாத்து ஒண்ணை எடுத்து மூக்கை இழுத்தாங்க. வந்துடுச்சு. வாத்தையும் மூக்கையும் குப்பைக் கூடையில போட்டாங்க. அடுத்த வாத்தை எடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி எட்டுக் கிண்ணத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இழுத்தா, தேய்ச்சா, கடிச்சுக்கூடப் பார்த்தா. "பரவாயில்லையே, ஒழுங்கா வாங்கியிருக்கீங்க"ன்னா. எட்டுக்கு எட்டு மார்க் எடுத்த பையன் மாதிரி நின்னேன். நிலா பெரிய கிண்ணத்தை எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டு "பா"ன்னா.

மார்க்கெட் கதையை நான் வீட்ல சொல்லவே இல்ல. ஆனா மறுநாள் காலையில மாடி வீட்டு காக்கிமா (இங்க சித்தியை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வந்து சுகந்திகிட்ட சொல்றாங்க. "தெரியுமா, நேத்து நம்ம மார்க்கெட்டுக்கு ஒரு பொம்மை இன்ஸ்பெக்டர் வந்தானாம். பயங்கர கறார். இருபது சந்தேஷ் சாப்பிட்டானாம். பொண்டாட்டி ஃபோன் பண்ணதும் கையெல்லாம் நடுங்கிடுச்சாம்."

சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தா. நான் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சேன்.

குழந்தைக்குப் பொம்மை வாங்கப் போறவங்களுக்கு என் அனுபவத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன்: குழந்தையையும் தூக்கிட்டுப் போங்க, இல்லேன்னா நீங்க அப்பான்னு யாரும் நம்ப மாட்டாங்க.