பூஜையில் வைத்த ஸ்பைக்ஸ்

என் தங்கை சுகுணா ஓட்டக்காரி என்பது அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அதுவும் மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒருவர் தும்மினால் இன்னொருவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டிய அளவு வீடு. தினமும் விடியற்காலையில் அவள் கிளம்பிப் போவதை டியூஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (இவ்வளவு டியூஷன் போயும் கணக்கில் ஏன் இப்படி மார்க் வாங்குகிறாள் என்று வருத்தப்பட்டும் இருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். நான் ஊருக்கு வெளியே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக, லேத் மெஷினில் இரும்பு கடைபவனாக, சேர்ந்திருந்த புதிது. சுகுணா கழுத்தில் மெடலோடு வந்து நின்றாள். நான் சாம்பார் சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எத்தனை கோல் போட்டே?" என்று கேட்டேன்.

எண்ணூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தவளிடம் கேட்ட கேள்வி அது. அவள் விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். அம்மாதான் கரண்டியோடு வந்தாள்.

"கூடப் பொறந்தவ ஓடறாளா குதிக்கறாளான்னு கூடத் தெரியாம இருக்கியேடா. ரோட்ல போறவனுக்குக்கூட அவளத் தெரியும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி நான்தான் சுகுணாவுக்கு முதல் ரசிகன் என்று அந்தச் சாம்பார் சாதத்தின் மீதே சத்தியம் செய்தேன். என்னிடம் ஒரு குணம் உண்டு. அறிவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிடிவாதம் மட்டும் குறையவே குறையாது.

ரசிகனாக நான் தேர்ந்தெடுத்த நேரமும் சாதாரணமானதல்ல. தசரா முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். முதல் இரண்டு பேருக்கு இடம். அப்படிப் போகிறவர்கள் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்ந்து பி.யு.சி., அதாவது ப்ளஸ் டூ, படிக்கலாம். அப்பா தன் தீர்ப்பை முன்பே சொல்லியிருந்தார்: "செலக்ட் ஆனா படிக்கட்டும். இல்லேன்னா கொள்ளேகாலத்துல அத்தை கடையில தையல் கத்துக்கட்டும்." சுகுணாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அவளுடைய பி.டி. சார் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே ஜோடி ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டப் பந்தய ஷூவை, அவளிடம் கொடுத்திருந்தார். அதை ஒரு நீலத் துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கி, சுவர் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அன்று மைசூரில் குங்குமம் வாங்காமல் தப்பிக்கும் பொருள் கிடையாது. பஸ், ஆட்டோ, தராசு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் தொழிற்சாலையிலும் பூஜை. என் லேத் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியவன், வீட்டில் அந்த நீலப் பையைப் பார்த்தேன். ஓட்டக்காரிக்கு இதுதானே ஆயுதம்! யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

குறை வைக்கவில்லை. ஸ்பைக்ஸை லேத் மேல் ஏற்றி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாமந்திப் பூ மாலை சுற்றினேன். டர்னர் புத்தி சும்மா இருக்குமா? உள்ளும் புறமும் மெஷின் ஆயில் வேறு போட்டேன். பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்தார்கள். பொரி, கடலை, அரைமூடித் தேங்காய், இரண்டு வாழைப்பழம். வாங்கிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை. நீலப் பையை நீட்டினேன். வீட்டுக்கு வந்ததும், எடுத்த பையை எடுத்த இடத்திலேயே மாட்ட வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியோடு ஆணியில் மாட்டினேன். அதோடு எல்லாம் மறந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு நானும் கூடவே போனேன். சுகுணா புல்லில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். பொரி கொட்டியது. அப்புறம் தேங்காய். கடைசியாக, கறுத்துப்போன இரண்டு வாழைப்பழம்.

"அண்ணா, என்ன இது?"

"பிரசாதம்," என்றேன். (உண்மையைத்தான் சொன்னேன்.)

அவள் அழவில்லை, திட்டவில்லை. வாழைப்பழத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பரவால்ல, வெறுங்கால்லயே ஓடறேன். நீ சும்மா உட்காரு அண்ணா. அது போதும்," என்றாள். அன்று எனக்குக் கிடைத்த புத்திசாலித்தனமான யோசனை அது ஒன்றுதான். நான் கேட்கவில்லை. ஸ்பைக்ஸ் இன்னும் லேத் மேலேயே மாலையோடு இருந்தது. ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பொரியையும் தேங்காயையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

தசரா பார்க்க வந்த கூட்டம் இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை. தெருவெல்லாம் அவிழ்த்துப்போட்ட மூங்கில் தடுப்பு. ஹெப்பாள் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேட்டில் வாட்ச்மேன் சின்னசாமி அண்ணன், கொள்ளேகாலம் பக்கம் கௌதள்ளி கிராமத்துக்காரர். சாவி அவரிடம்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"பூசைல வெச்சதத் தொடப்படாதுங்க தம்பி," என்றார் நிதானமாக. "நாளைக்குத் தொறக்கறப்ப மறுபூசை போட்டுத்தானுங்க எடுக்கோணும்."

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல தங்கச்சி ஓடணும்."

"ஓடட்டுமுங்க. சாமிகிட்ட இருக்கறதுதானே, எங்க போயிரும்?"

எங்கள் மானேஜரிடம்கூட அவ்வளவு வாதாடியதில்லை. கடைசியில், "மறுபூஜையை இப்பவே நான் போட்டா எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் மோவாயைச் சொறிந்தார். "படையலுக்கு என்ன வெச்சிருக்கறீங்க?" பையைத் திறந்து காட்டினேன். தேங்காயை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார், ஆனால் பொரியை ஏற்றுக்கொண்டார். கற்பூரம் இல்லை. மூன்று தீக்குச்சியை ஒன்றாகக் கொளுத்தி லேத்துக்கு ஆரத்தி காட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு, விழுந்து கும்பிட்டேன். "இன்னொருக்காச் சுத்துங்க, ஒத்தப்படையா வரோணும்," என்று சின்னசாமி அண்ணன் பின்னாலிருந்து நடத்திக்கொடுத்தார். பொரியை அவரிடமே விட்டுவிட்டு, மாலையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஸ்பைக்ஸோடு பறந்தேன்.

மைதானத்துக்குள் நான் நுழையவும் துப்பாக்கி வெடிக்கவும் சரியாக இருந்தது.

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் நின்றிருப்பான். நான் சத்தியம் செய்தவன். சைக்கிளைப் போட்டுவிட்டு, ஓடுபாதைக்கு உள்பக்கமாக, இரண்டு கையிலும் ஸ்பைக்ஸைத் தூக்கிப் பிடித்தபடி, "சுகுணா! வந்துருச்சு! கொண்டு வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓடுகிறவள் நடுவில் நின்று ஷூ மாட்டிக்கொள்ள முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்போது அவள் நான்காவதாக இருந்தாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாமந்தி மாலை பறக்க நானும், எனக்குப் பின்னால் விசில் ஊதிக்கொண்டு இரண்டு அதிகாரிகளும். அவள் முகம் வெளிறியது. அதற்கப்புறம் அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ("உங்கிட்டேருந்து தப்பிக்கத்தான் ஓடினேன்," என்று பிற்பாடு சொன்னாள்.) கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள்.

நான் குதித்துக் கூத்தாடும்போது என் காலரை யாரோ பிடித்தார்கள்.

மூன்றாவதாக வந்த பெண்ணின் பள்ளி ஆசிரியர் புகார் கொடுத்துவிட்டார். ஓடுகிறவளைச் சேர்ந்த ஆள் ஒருவன் கூடவே ஓடி உற்சாகப்படுத்தினால் அது உதவியாம். ஓடியவளின் இடம் ரத்தாம். கொள்ளேகாலம் தையல் மெஷின் கண் முன்னால் வந்து நின்றது. நடுவர் சுகுணாவைக் கூப்பிட்டு, கன்னடத்தில், இவர் உனக்கு யார் என்று கேட்டார்.

சுகுணா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு யாரோ கொத்தில்ல சார்," என்றாள். யாரென்றே தெரியாதாம்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கும் இந்தப் பொண்ணு யாருன்னு தெரியாதுங்க சார்," என்றேன் கன்னடத்தில். அம்மா கேட்டிருந்தால், அதுதான் ஊருக்கே தெரியுமே என்றிருப்பாள்.

"அப்போ இந்த ஷூ?"

"என்னுதுதான் சார். நானும் ஓடுவேன்."

நடுவர் என் காலைப் பார்த்தார். ஒன்பதாம் நம்பர் கால். ஷூ நான்காம் நம்பர். "ஹாக்கொள்ளி, நோடோணா," என்றார். போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கலாம்.

தரையில் உட்கார்ந்தேன். மாலையைக் கழற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திணித்தேன். ஆயுத பூஜைக்கு நான் போட்ட மெஷின் ஆயில் செய்த ஒரே நல்ல காரியம் அப்போதுதான் நடந்தது. வழுக்கிக்கொண்டு பாதிக் கால் உள்ளே போய்விட்டது. குதிகால் வெளியே தொங்க, எழுந்து நின்று, சிரித்தேன். நடுவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் தங்கைகள் இருந்திருக்க வேண்டும். "ஹோகி," என்று கேட்டைக் காட்டினார்.

அத்தனை பேர் பார்க்க, கேட் வரை அந்த ஷூவிலேயே நடந்தேன். ஒரு அடிக்கு ஒரு தெய்வத்தின் பெயர் வந்தது. வெளியே சிமெண்ட் தரையில் டக் டக் என்று சத்தம். இடது கால் கட்டைவிரல் நகம் அன்றே போனது. இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது.

இரண்டாம் இடம் நிலைத்தது. சுகுணா ஹாஸ்டலுக்குப் போனாள், படித்தாள், பி.டி. டீச்சரும் ஆனாள். அவள் கல்யாணத்தில் புரோகிதர், "பொண்ணோட அண்ணன் வந்து பொரி இடணும்," என்று கூப்பிட்டார். நான் தட்டோடு போய் நின்றேன். மணப்பெண் குனிந்த தலை நிமிர்ந்து, மண்டபமே கேட்க, "இவரு யாரோ கொத்தில்ல சார்," என்றாள்.

புரோகிதர் திகைத்துப் போனார். எங்கள் வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுகுணா கையைக் குவித்து நீட்டினாள். பொரியை அள்ளிப் போட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் கை ஒழியவில்லை. அவள் குனிந்து என் கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பொரி வந்துருச்சு அண்ணா. ஸ்பைக்ஸ் எங்கே?"